தண்ணீர்மலையைக் கண்டு போன வாலஸ்

தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். முதலில் கருகிச் சாகும் புல், சில வருஷம் போனால் அதே மருந்துக்கு அசைவதில்லை. மருந்து அதுக்குப் பழகிப் போச்சு என்று பேசிக்கொள்கிறோம். அது சரியா? இதற்கு விடை தருகிற உண்மையை 1858-லேயே கண்டவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

1823-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வீட்டில் பணக் கஷ்டம். 14 வயதில் படிப்பு நின்றது. அண்ணனுடன் நிலம் அளக்கப் போனார். போகிற இடத்திலெல்லாம் செடிகொடிகளைக் கவனித்தார். பிறகு அமேசான் காட்டில் நாலு வருஷம் அலைந்து பூச்சி, பறவைகளைச் சேர்த்தார். 1852-ல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்து, அவற்றில் பெரும்பகுதி சாம்பலானது.

மனுஷர் சோர்ந்துவிடவில்லை. 1854-ல் நம் பக்கம் புறப்பட்டு வந்தார். வழியில் கண்ட பினாங்கின் மலையையும் வாசனை மரங்களையும் அருவியையும் பற்றி எழுதினார். நம் கொடிமலையும் தண்ணீர்மலையுந்தான். பிறகு சிங்கப்பூர், மலாக்கா, சரவாக் என்று எட்டு வருஷம் சுற்றி 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பல வருஷம் கூடவே இருந்து, சமைத்தார், பறவை சுட்டுப் பதப்படுத்தினார், நோயில் பார்த்துக்கொண்டார்.

1858-ல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது வாலஸுக்கு ஒன்று விளங்கியது. எந்த உயிரும் பிழைக்கக்கூடியதைவிட அதிகமாகவே குட்டி போடுகிறது, விதை விடுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்று போல் இருப்பதில்லை. இருக்கும் இடத்துக்கு ஒத்துவருகிற வேறுபாடு உள்ளவை பிழைக்கின்றன. அந்த வேறுபாடு அவற்றின் சந்ததிக்கும் போகிறது. தலைமுறை தலைமுறையாக இனமே மாறுகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் இதையே பல வருஷமாக ஆராய்ந்து வந்தவர். 1858 ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் இருவர் கருத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டது. வாலஸ் 1913-ல் காலமானார்.

இப்போது நம் புல்லுக்கு வருவோம். புல் மருந்துக்குப் பழகவில்லை. மிக அரிதாக ஒன்றிரண்டு பிறவியிலேயே அதைத் தாங்கும். மற்றவை செத்ததும் அவை மட்டும் விதை விட்டுப் பெருகும். பேராக்கின் தெலுக் இந்தானில் 1997-ல் கிளைபோசேட்டுக்குச் சாகாத புல் கண்டறியப்பட்டது இப்படித்தான். அதே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால், சாகாத புல்லை நாமே பொறுக்கி வளர்த்ததாக ஆகும். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.