அடிமையாயிருந்த ஆசான்

உள்ளத்தை அடக்கியாளும் வித்தைக்குப் பெரும்பொருள் வேண்டுமென எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு ஸ்தோயிக்க ஞானியாகிய எபிக்டெட்டஸ் என்பாரின் வாழ்க்கையே தக்க சான்றாகும்.

இவர் கி. பி. 50-ஆம் ஆண்டளவில் சின்ன ஆசியாவிலுள்ள எராப்போலி நகரிற் பிறந்தார். கொலோசெயர் நிருபத்தின் இறுதியில் அவ்வூர்ப் பெயரை நாம் வாசிக்கின்றோம். உரோமாபுரியில், நீரோ மன்னனிடம் அலுவல் பார்த்த ஒருவனுக்கு இவர் அடிமையாயிருந்தார். காலும் ஊனம். எனினும், அடிமையாயிருந்தபோதே முசோனியஸ் ரூபஸ் என்னும் அறிஞரிடம் பாடங்கேட்டார். பின்னர் விடுதலை பெற்றுத் தாமும் கற்பித்தார். தொமித்தியன் சக்கரவர்த்தி தத்துவ ஆசிரியர்களைத் துரத்தவே, நிக்கொப்போலி சென்று ஆங்கொரு பள்ளி நிறுவினார்.

நம் வசமுள்ளவை இவை, நம் வசமில்லாதவை இவை எனப் பகுத்தறிதலே இவரது போதனையின் வேர். உடல், பொருள், புகழ் ஆகியவை நம் வசத்தனவல்ல. அவற்றைக் குறித்து நாம் கொள்ளும் எண்ணமே நம் வசத்தது. இதனைச் சிந்திய எண்ணெய் போன்ற சிறு இழப்புகளிலிருந்தே பழக வேண்டுமென்றார். சினமுடையார் சினவாத நாட்களை எண்ணி வருக; ஒருநாள் இரண்டாகி, மூன்றாகி, 30 நாட்கள் நிறைந்தால் கடவுளுக்குப் பலியிடுக என்பதும் இவர் காட்டிய வழியே. இப்பயிற்சிக்குக் காசு வேண்டுவதில்லை.

இவரது இரும்பு விளக்கை ஒருநாள் கள்வன் கவர்ந்தான். இவர் சினவாது மண்விளக்கொன்று வைத்துக்கொண்டார். இவர் இறந்தபின் அவ்விளக்கை ஒருவன் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினானாம்! அதன் ஒளியிற் படித்தால் அறிவு வருமென்பது அவன் எண்ணம். இவரோ நூலொன்றும் எழுதவில்லை. மாணவர் அரியன் எழுதிவைத்த குறிப்புகளாலேயே இவரை நாம் அறிகின்றோம்.

குழந்தையை முத்தமிடும்போதும் அது சாகும் உயிரென நினைக்கவேண்டுமென இவர் கற்பித்தது நம் நெஞ்சிற்கு ஒவ்வவில்லை. லாசருவின் கல்லறையருகே கண்ணீர்விட்ட ஆண்டவரை வணங்கும் நமக்கு அஃது எங்ஙனம் ஒவ்வும்? ஆயினும், நெடுங்காலம் தனித்து வாழ்ந்த இவரே, வறுமையால் நண்பரொருவர் கைவிட இருந்த குழந்தையை முதுமையில் எடுத்து வளர்த்தார். அச்செயல் அவர் சொல்லினும் பெரிதென்பது நம் துணிபு.

தேர்வின் முடிவு நம் வசத்ததன்று. இன்றிரவு விளக்கேற்றிப் படிப்பது நம் வசத்தது. அதனைச் செய்வோமாக.