ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஃபொன் ஹோஃப்மன்

ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஃபொன் ஹோஃப்மன் (ஏப்ரல் 8, 1818 – மே 5, 1892) ஒரு செருமானியக் கரிம வேதியியலாளர் ஆவார். சாய வேதியியலின் முன்னோடியாகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் துணி, களிமண், நானோ துகள்கள் ஆகியவற்றின் புறப்பரப்பை மாற்றியமைக்க இன்று பயன்படும் நேர்மின்னூட்டச் சேர்மங்கள் பலவற்றின் தொடக்கமும் இவரது ஆய்வுக்கூடமே.

வாழ்க்கை

ஹோஃப்மன் கீசன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை, யுஸ்டஸ் ஃபொன் லீபிக்கின் ஆய்வுக்கூடத்தை விரிவாக்கிய கட்டடக் கலைஞர். முதலில் சட்டம் பயின்ற ஹோஃப்மன் பின்னர் லீபிக்கின் மாணவரானார். நிலக்கரித் தாரிலுள்ள காரங்களை ஆராய்ந்து 1841 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1845 இல் இலண்டன் அரச வேதியியல் கல்லூரியின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். உடனடிப் பயனை எதிர்பார்த்து நன்கொடை அளித்தோரின் ஆதரவு விரைவில் குறைந்தது. 1853 இல் அக்கல்லூரி அரசின் சுரங்கவியல் பள்ளியுடன் இணைக்கப்பட்டது.

நான்காம்நிலை அமோனியம் உப்புகள்

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், உடனடிப் பயன் எதுவும் தெரியாத ஓர் ஆய்வை ஹோஃப்மன் மேற்கொண்டார். அமோனியாவுடன் எத்தில் அயோடைடை வினைபுரியச் செய்து, அமோனியாவின் மூன்று ஐதரசன்களையும் ஒவ்வொன்றாக எத்தில் தொகுதிகளால் பதிலீடு செய்தார். இவ்வாறு கிடைத்த மூவெத்தில் அமீனுடன் நான்காவது எத்தில் தொகுதியும் சேர்ந்தபோது ஒரு படிக உப்பு உண்டானது. 1850, 1851 ஆம் ஆண்டுகளில் இவ்வாய்வுகளை வெளியிட்டார்.

சாதாரண அமீன் உப்புடன் பொட்டாசியம் ஐதராக்சைடைச் சேர்த்தால் அமீன் பிரிந்துவிடும். புதிய உப்போ அவ்வாறு பிரியவில்லை. சில்வர் ஆக்சைடைக் கொண்டு அயோடைடை நீக்கியபோது, எரிபொட்டாசுக்கு இணையான வன்காரம் கிடைத்தது. அதைச் சூடாக்கினால் எத்திலீனும் மூவெத்தில் அமீனும் நீரும் உண்டாயின. இவ்வினை இன்று ஹோஃப்மன் நீக்கவினை எனப்படுகிறது.

இதன் காரணத்தை அன்று விளக்க இயலவில்லை. அயனிக் கொள்கையை அர்ரேனியசு முன்வைத்தது 1880களில்தான். நைட்ரசனில் ஐதரசன் எஞ்சியிராததால் காரம் பறித்துக்கொள்ள அங்கே ஏதுமில்லை. எனவே கரைசல் அமிலமாயினும் காரமாயினும் நேர்மின்னூட்டம் நீங்குவதில்லை. புறப்பரப்பு வேதியியலுக்கு இப்பண்பே இன்றியமையாதது.

சாயங்களும் பெர்லினும்

1856 இல் இவருடைய மாணவர் வில்லியம் பெர்க்கின், தம் 18 ஆம் அகவையில், குயினைன் தயாரிக்க முயன்று மாவீன் என்னும் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். ஆசிரியர் விரும்பாத போதும் கல்லூரியை விட்டு விலகித் தொழிற்சாலை தொடங்கினார். மாவீனும், ஹோஃப்மன் ஆராய்ந்த மெசெந்தாவும் நேர்மின்னூட்டச் சாயங்களே. பட்டிழையின் எதிர்மின் தொகுதிகள் அவற்றை ஈர்த்துப் பிடிக்கின்றன.

1865 இல் இலண்டனில் ஆற்றிய ஓர் உரையில் வண்ணப் பந்துகளால் மூலக்கூற்று மாதிரிகளைக் காட்டினார். கார்பனுக்குக் கருப்பு, நைட்ரசனுக்கு நீலம், ஆக்சிசனுக்குச் சிவப்பு என்ற அவர் தேர்வை இன்றைய மூலக்கூற்று வரைவு மென்பொருள்களிலும் காணலாம். அதே ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1867 இல் செருமானிய வேதியியல் கழகத்தை நிறுவுவதில் முன்னின்றார். நான்கு முறை மணம் புரிந்த இவருக்குப் பதினொரு குழந்தைகள். பெர்லினில் காலமானார்.

பிற்காலப் பயன்பாடு

கண்ணாடி, பருத்தி, களிமண், பாக்டீரியாவின் வெளிப்புறம் ஆகியவை நீரில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே நான்காம்நிலை அமோனியம் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட இத்தகைய உப்புகளின் கிருமிநீக்கும் ஆற்றலை 1935 இல் கெரார்டு டோமாக் வெளியிட்டார். துணி மென்மையாக்கிகளிலும் இவ்வகைச் சேர்மங்கள் உள்ளன. தங்க நானோ தண்டுகளைத் தயாரிக்கையில் செட்டில் மும்மெத்தில் அமோனியம் புரோமைடு இரட்டை அடுக்காக அவற்றைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. ஆயினும் கரைசலில் எஞ்சும் இச்சேர்மம் உயிரணுக்களுக்கு நஞ்சு. ஆதலால் மருத்துவ ஆய்வுகளில் அதனைக் கழுவி நீக்கி, தண்டுகளின் மீது வேறு பல்பகுதியப் பூச்சு இடுவது வழக்கம்.