மறதியை அளந்த அறிஞர்

ஜேர்மனி நாட்டுப் பார்மன் நகரில், 1850ஆம் ஆண்டு, வணிகர் குடியிற் பிறந்தவர் ஹேர்மன் எபிங்கௌஸ். நினைவு போன்ற உயர்ந்த உளத்தொழில்கள் பரிசோதனைக்கு அகப்படா என்று, பரிசோதனை உளநூலின் தந்தையாகிய வுண்ட் கருதிய காலம் அது. எபிங்கௌசுக்கோ ஆய்வுகூடமுமில்லை, துணைவருமில்லை. ஆதலின் தம்மையே ஆய்வுப்பொருளாக்கினார்.

பழகிய சொற்கள் முன்னறிவின் துணையால் எளிதில் மனத்திற் பதியும். அதனால், பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 அமைத்து, அவற்றை நிரல்நிரலாக மனனஞ் செய்தார். இடைவெளிவிட்டு மீளக் கற்று, முன்னையிலும் எவ்வளவு காலம் குறைந்ததெனக் கணக்கிட்டார். 1879இல் தொடங்கிய அத்தனிமைத் தவம் 1885இல் நினைவு பற்றிய நூலாக வெளிவந்தது.

முதல் ஒரு மணி நேரத்துள்ளேயே பாதிக்குமேல் நழுவியது. பின்னர் நழுவல் மந்தமாகி, ஒரு திங்கள் கழிந்தும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எஞ்சிற்று. ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்தோதிய 38 முறையே தந்தது.

1894இல் பேர்லின் சர்வகலாசாலையின் மெய்யியற்றுறைத் தலைமைப் பதவி பிறரைச் சேர, பிரெஸ்லோ நகர் சென்று கற்பித்தார். 1909இல் ஹாலே நகரிற் காலமானார்.

பரீட்சைக்கு முந்திய இரவில் நெட்டுருப் பண்ணும் மாணாக்கரும், மறந்தவனை ஒறுக்கும் ஆசிரியரும் இப்பெரியார் கண்ட உண்மையைச் சிந்தித்தல் வேண்டும்.