கால்வாயை நீந்திக் கடந்த கல்கத்தாப் பெண்

கல்கத்தாவில் தேசபந்து பூங்கா என்று ஒரு பூங்கா உண்டு. அங்கே ஒரு குளமும் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அந்தக் குளத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

குளத்தில் ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தார். வயது 18. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் கரை ஏறவில்லை. வெயில் ஏறியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கால் கடுத்தது. நீந்துகிறவர் மட்டும் நிறுத்தவில்லை. எட்டு மணி நேரம் ஆன பிறகுதான் தண்ணீரை விட்டு வெளியே வந்தார்.

இதுவும் போதவில்லை. பிறகு ஒரு முறை இடைவிடாமல் 16 மணி நேரம் நீந்தினார். கடைசி 70 மீட்டரை ஓட்டப் பந்தயம் போல விரைந்து நீந்தி முடித்தார். களைப்பு முகத்தில் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஆரத்தி சாஹா. இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கும் போட்டிக்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் குளத்திலும், நீச்சல் தொட்டியிலும், கங்கை ஆற்றிலும் நீந்தியவர்.

குளித்துறையில் கற்ற வித்தை

ஆரத்தி 1940-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தாள். நடுத்தரக் குடும்பம். இரண்டரை வயதில் தாயை இழந்தாள். அண்ணனும் தங்கையும் மாமா வீட்டில் வளர்ந்தார்கள். ஆரத்தியை வடகல்கத்தாவில் பாட்டி வளர்த்தார்.

நான்கு வயதில் உறவினருடன் சம்பாதலா குளித்துறைக்குக் குளிக்கப் போவாள். குளிக்கப் போன இடத்திலேயே நீச்சலும் வந்துவிட்டது. மகளுக்குத் தண்ணீரில் இருந்த ஆசையைத் தகப்பனார் கவனித்தார். ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார். பெயர் பெற்ற நீச்சல் வீரர் சச்சின் நாக் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1946-ல் 110 கெஜ நீச்சலில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது வயது ஐந்து! பிள்ளையின் உயரத்தைவிடப் பரிசளிப்பு மேடையின் உயரம் அதிகமாக இருந்திருக்கும்.

தவளையைப் போலக் கைகால்களை விரித்து நீந்துவதை மார்பு நீச்சல் என்பார்கள். அதில் ஆரத்தி வல்லவள். 1951-ல் 100 மீட்டர் மார்பு நீச்சலில் டாலி நசீர் என்ற பெண்ணின் அகில இந்திய சாதனையை முறியடித்தாள். மறு ஆண்டு இருவருமே பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரத்துக்கு ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனார்கள். ஆரத்திக்கு அப்போது 12 வயதுகூட நிறையவில்லை. இந்தியக் குழுவிலேயே மிகச் சிறியவள் அவள்தான்.

ஹெல்சிங்கியில் பதக்கம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய பின் ஒரு பந்தயத்தில் சொந்தத் தங்கை பாரதியிடமே தோற்றுப்போனாள். வீட்டுக்குள்ளேயே போட்டியாளர் இருந்தால் என்ன செய்வது?

டாக்கா வீரரின் தூண்டுதல்

1958-ம் ஆண்டு டாக்காவைச் சேர்ந்த பிரஜன் தாஸ் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அந்தப் போட்டியை நடத்தியவர் பட்லின் என்ற இங்கிலாந்துச் செல்வர். ஆண்களில் பிரஜன் தாஸ்தான் முதலில் வந்தார். அடுத்த மாதமே கல்கத்தாவின் மிஹிர் சென்னும் கால்வாயைக் கடந்தார்.

ஆரத்தி பிரஜன் தாஸுக்கு வாழ்த்து அனுப்பினார். அதற்கு வந்த பதிலில் ஆரத்தியாலும் அது முடியும் என்ற நம்பிக்கை இருந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரையும் சிபாரிசு செய்துவிட்டார்.

ஆரத்தி முதலில் தயங்கினார். மிஹிர் சென் ஊக்கம் கொடுத்தார். ஹாட்கோலா சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவரான டாக்டர் அருண் குப்தா ஏற்பாடுகளைத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

பெரிய கவலை பணம்தான். சீமைக்குப் போவதும் அங்கே தங்குவதும் சாமானியக் குடும்பத்துக்கு நடக்கிற காரியமா? நீச்சல் காட்சிகள் நடத்தி நிதி திரட்டினார்கள். அப்படியும் பற்றாக்குறை. விஷயம் மேற்கு வங்க முதல் மந்திரி டாக்டர் பி. சி. ராயின் காதுக்குப் போயிற்று. அவர் 11 ஆயிரம் ரூபாய்க்கு ஏற்பாடு செய்தார். பிரதமர் நேருவும் இந்த முயற்சியில் அக்கறை காட்டினார்.

1959 ஜூலை 24-ந் தேதி ஆரத்தி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். டாக்டர் குப்தா மானேஜராக உடன் சென்றார்.

குளமும் கடலும்

கால்வாய் என்ற பெயரைக் கேட்டு, யாரோ வெட்டிய வாய்க்கால் என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கும் கடல் அது. மிகக் குறுகிய இடத்திலேயே அகலம் 21 மைல்.

16 மணி நேரம் நீந்தியவருக்கு 21 மைல் பெரிதா என்று கேட்கலாம். பெரிதுதான்.

முதலாவது குளிர். கோடைகாலத்தின் கடைசியில்கூட அந்தத் தண்ணீர் 17, 18 டிகிரி சென்டிகிரேடுதான் இருக்கும். கல்கத்தாக் குளத்தில் வளர்ந்த உடம்புக்கு அது ஐஸ் தண்ணீர். மணிக்கணக்கில் கிடந்தால் விரல்கள் விறைக்கும். புத்தியும் மந்தமாகிவிடும். அதற்காகக் கால்வாயில் இறங்குகிறவர்கள் அந்தக் காலத்தில் உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொள்வது வழக்கமாக இருந்தது. பழக்கம்தான் இதற்கு உண்மையான மருந்து. நாள்தோறும் இறங்கி இறங்கி உடம்பைப் பழக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. நீந்துகிறவர் கூடவே ஒரு படகு வரும். வழி காட்டுவதும் ஆகாரம் கொடுப்பதும் அதன் வேலை. ஆனால் படகை ஒரு விரலால் தொட்டாலும் முயற்சி செல்லாது. நீரில் மிதந்தபடியேதான் ஆகாரத்தை வாங்கி விழுங்க வேண்டும். அலை வாயில் அடித்தால் உப்புநீரும் சேர்ந்து உள்ளே போகும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது நீரோட்டம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் தண்ணீர் ஒரு பக்கமாக இழுக்கும். பிறகு திரும்பி எதிர்ப்பக்கம் இழுக்கும். நேர்கோட்டில் யாரும் நீந்த முடியாது. வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஆகவே, எந்த நேரத்தில் இறங்குவது என்பது கைவலிமைக்குச் சமமான விஷயம். கல்கத்தாவில் எத்தனை மாதம் பழகினாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

ஆகஸ்டு 13-ந் தேதி முதல் ஆரத்தி கால்வாயிலேயே பயிற்சி செய்தார். அதே போட்டிக்கு வந்திருந்த வங்காள நீச்சல் வீரர் டாக்டர் விமல் சந்திரா அவருக்கு ஆலோசனை சொன்னார். போட்டிக்கு இருந்ததோ இரண்டே வாரம்.

வராத படகு

ஆகஸ்டு 27. பிரான்ஸ் நாட்டின் கிரி நே முனை. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் போட்டி தொடக்கம். பல நாட்டு வீரர்கள் இருட்டில் கடலில் இறங்கினார்கள்.

ஆரத்தி இறங்கவில்லை. அவருக்கு வழிகாட்ட வேண்டிய படகு வந்து சேரவில்லை!

படகு இல்லாமல் கடலில் இறங்குவது கூடாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று நேரம் கரைந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். நீரோட்டமும் யாருக்காகவும் காத்திருக்காது. 40 நிமிடம் கழித்தே ஆரத்தியால் புறப்பட முடிந்தது.

இருட்டில் நீந்தினார். விடிந்தது. தொடர்ந்து நீந்தினார். காலை 11 மணிக்கு இங்கிலாந்துக் கரை சில மைல் தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் நீரோட்டம் எதிரே திரும்பியது. அடுத்த ஐந்து மணி நேரத்தில் அவரால் கடக்க முடிந்தது சுமார் இரண்டு மைல். கை ஓய்வதற்கு முன்னே கடல் அவரை நிறுத்திவிட்டது. அவர் விட மனமில்லாமல் போராடினார். படகுக்காரர் பிடிவாதமாகச் சொல்லி அவரை நிறுத்தினார். மாலை நான்கு மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியேறினார்.

16 மணி நேரம் நீந்தத் தெரிந்தவர் 14 மணி நேரத்துக்குப் பிறகு தோற்றுப்போனார். அந்த 40 நிமிடத்தை எந்தப் பயிற்சியில் ஈடு செய்வது?

திரும்பிப் போவதா?

போட்டி முடிந்துவிட்டது. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ஆரத்தியும் ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஊரார் கொடுத்த பணத்தில் வந்திருந்த பெண் அவர். மறு ஆண்டு மறுபடி நிதி சேருமா?

மானேஜர் குப்தாவின் உடல்நிலையும் கெட்டுவிட்டது. நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. ஆகஸ்டு போனால் பகல் குறையும், காற்று குளிரும், கடல் கொந்தளிக்கும். அப்படியும் ஆரத்தி தங்கினார். ஒரு மாதம் மறுபடியும் கால்வாயில் பயிற்சி. செப்டம்பர் 24-ந் தேதி பிறந்த நாள் வந்தது. 19 வயது நிறைந்தது.

செப்டம்பர் 29-ந் தேதி அதே கிரி நே முனையில் மறுபடி கடலில் இறங்கினார். இந்தத் தடவை போட்டி இல்லை. முந்திச் செல்கிறவரும் இல்லை, பின்தங்குகிறவரும் இல்லை. படகும் கடலும் அவரும் மட்டும்.

அலை கடுமையாக இருந்தது. நேர்வழி 21 மைல். நீரோட்டம் இழுத்த இழுப்பில் அவர் கடந்த தூரம் 42 மைல் என்று கணக்கிட்டார்கள். பகல் நேரம் மட்டும் போதாது. இருட்டிலும் நீந்தியாக வேண்டியிருந்தது. 16 மணி 20 நிமிடம் கழித்து இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் அவருடைய கால் தரையைத் தொட்டது. முன்பு இடைவிடாமல் நீந்திப் பழகிய நேரத்தைவிட 20 நிமிடம்தான் அதிகம்!

கரையில் இந்தியக் கொடியை ஏற்றினார். லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதல் ஆளாகப் பாராட்டினார். மறுநாள் அகில இந்திய ரேடியோ செய்தியைச் சொன்னது. ஆசியப் பெண்களில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் ஆரத்தி சாஹா.

1960-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விளையாட்டுத் துறையில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். 1994 ஆகஸ்டில் மஞ்சள் காமாலை கண்டு படுத்தார். மூளைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த மாதம் 23-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 53.

1996-ல் அவருடைய வீட்டுக்கு அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலைக்கு எதிரே உள்ள சந்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். அந்தச் சந்தின் நீளம் 100 மீட்டர்.