நோபலும் நைட்ரோகிளிசரினும்

ஆல்பிரட் நோபல் 1833ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். நைட்ரோகிளிசரின் என்னும் திரவம் அவர்தம் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. 1847இல் இத்தாலிய அறிஞர் சொப்ரேரோ கண்டறிந்த அத்திரவம் சிறிது அதிர்ந்தாலும் வெடிக்கும் இயல்புடையது. மலையையும் பாறையையும் பிளக்க அதனைப் பயன்கொள்ள விழைந்தார் நோபல். 1864இல் நிகழ்ந்த வெடிவிபத்தில் அவர்தம் இளவல் எமில் உள்ளிட்ட பலர் மாண்டனர். துயரில் ஆழ்ந்தும் அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். நீர்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டாகிய ஒருவகை மண், அத்திரவத்தை உறிஞ்சி அடக்கிவைத்தது. 1867இல் டைனமைட் பிறந்தது, செல்வம் குவிந்தது.

இறுதி ஆண்டுகளில் நெஞ்சுநோய் அவரை வாட்டியது. மருத்துவர் உட்கொள்ளப் பணித்த மருந்து யாது தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்! கேட்போர் அஞ்சாதிருக்கும்பொருட்டு அதற்கு டிரைநைட்ரின் என்று வேறு பெயர் இட்டிருந்தனர். இவ்வியப்பை நோபலே தம் உதவியாளர்க்கு மடலில் எழுதினார். அம்மருந்து நோவைத் தணிப்பது எங்ஙனம் என்பதை அக்காலத்தார் அறியார். 1896 டிசம்பர் 10ஆம் நாள் இத்தாலியிலுள்ள சான்ரெமோவில் அவர் மறைந்தார்.

நைட்ரோகிளிசரின் உடலினுள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு குருதிக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. 1977இல் அமெரிக்க அறிஞர் முராட் இதனைக் கண்டறிந்தார். நம் குருதிக் குழாய்களே அவ்வாயுவைச் சுரக்கின்றன என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. இவ்வுண்மைகளை வெளிப்படுத்திய மூவர்க்கு 1998இல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பரிசு, நோபல் தம் உயிலில் ஒதுக்கிய பொருளால் ஏற்பட்டதேயாம்.