சுருளி மலையேறிய இசைமேதை
தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859 – 1919)



நம் ஊரின் மலைகளுக்கு மறுபக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுருளி இருக்கிறது. அருவியில் நீராட நாம் போய் வருகிறோம். அந்த மலைக்கும் தமிழிசைக்கும் உள்ள உறவை நம்மில் சிலரே அறிவோம். யூபிலி ஆண்டில் அதை நினைவுகூர்வது தகும்.

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்டு 2-ஆம் நாள், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் எளிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். நம் திருச்சபையினர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த சகோதரர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். பிறருக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் மாணவராயிருந்தார். சடையாண்டிப் பத்தரிடம் பிடில் பயின்றார். அச்சுத்தொழில், புகைப்படக்கலை, சோதிடம் என எதையும் விட்டுவைக்கவில்லை.

அக்காலத்தில்தான் அவர் சுருளி மலைக்கு வந்தார். அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, சித்த மருத்துவத்தின் நுட்பங்களைப் பெற்றார். கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் இந்து முனிவரின் காலடியில் அமர்ந்து கற்றதும், அந்நன்றியை இறுதிவரை மறவாததும் நம் கவனத்திற்குரியவை. தம் மருந்துகளுக்கும், பின்னர் எழுதிய நூலுக்கும் குருவின் பெயரை நினைவூட்டும் பெயர்களையே சூட்டினார்.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சை சென்று, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியப்பணி ஏற்றனர். 1890-இல் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். ஊருக்கு வெளியே மூலிகைத் தோட்டம் அமைத்தார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றனர். பொருள் பெருகியது. அந்தப் பொருளையெல்லாம் அவர் எதற்குச் செலவிட்டார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்.

அந்நாளில் இசை பயிலும் தமிழ்ப் பிள்ளைகள், பொருள் விளங்காத மொழிப் பாடல்களையே பெரும்பாலும் மனப்பாடம் செய்தனர். அவர்களுக்கெனப் பண்டிதர் தமிழில் பாடல்கள் இயற்றி, 1907-இல் சுரக்குறிப்புகளுடன் வெளியிட்டார். மேலை இசையையும் அதன் எழுத்துமுறையையும் கற்றார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார். வித்துவான்களை வரவழைத்து, உணவும் உறைவிடமும் தந்து விவாதிக்கச் செய்தார்.

விவாதப் பொருள் சுருதி. கீழ் ச முதல் மேல் ச வரை 22 சுருதிகள் என்பது அறிஞர் பலர் ஏற்றிருந்த கொள்கை. 24 என்றார் பண்டிதர். ச-வுக்குப் ப எடுத்து, அந்தப் ப-வையே ச-வாகக் கொண்டு அதற்கும் ப எடுத்து, இப்படியே சென்றால் 12 சுரங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பகுத்தால் 24. சிலப்பதிகாரமும் அதன் உரையும் இம்முறையையே கூறுவதாக அவர் காட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவருடைய புதல்வியர் வீணையில் அதை விளக்கிக் காட்டினர். எல்லாரும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்காதோர் உண்டு. ஆயினும் பழந்தமிழிசையை ஆராய்வோர் எவரும் அவரைக் கடந்து செல்ல இயலாது.

1917-இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். தம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நூலின் இரண்டாம் பாகத்தை அவர் குடும்பத்தார் 1946-இல் வெளியிட்டனர்.

இவ்வரலாற்றை எழுதும்போது நம் மனம் நம்மையே குற்றஞ்சாட்டுகிறது. திருவிழா நெருங்கிவிட்டது என்று, பாடற்குழுப் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டி, கேட்டபடி பாடப் பழக்கினோம். சுரம் சொல்லித்தர நேரமில்லை என்றோம். ஆண்டுகள் ஓடின. அன்று பாடிய பிள்ளைகள் இன்று பெற்றோர். ஒரு புதிய பாடலைத் தாமே படித்துப் பாட அவர்களுக்குத் தெரியாது. குறை அவர்களுடையதன்று, நம்முடையது.

யூபிலி என்பது கடன் தீர்க்கும் ஆண்டு. இந்தக் கடனையும் தீர்க்க விரும்புகிறோம். ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம், சரளி வரிசையிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகளை அனுப்புங்கள், பெரியவர்களும் வாருங்கள். வயது ஒரு தடையன்று. வாழ்நாள் முழுதும் மாணவராயிருந்த ஒருவர் மூலிகையும் ஞானமும் தேடி ஏறிய மலை நமக்கு அருகிலேயே நிற்கிறது.