நாலு நாளில் கவிழ்ந்த ஆட்சி

போன மாத இளைஞர் வகுப்பில், போர் தொடுக்காமலே இன்னொரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்க முடியும் என்று நான் சொன்னதும் ஒரு தம்பி சிரித்துவிட்டான். அதெல்லாம் சினிமாவுலதான் நடக்கும்னு அவன் நினைப்பு. அன்றைக்கு விளக்க நேரமில்லை. அந்தத் தம்பிக்காகத்தான் ஈரான் பிரதமர் முகமது மொசாடெக்கின் கதையை இங்கே சொல்றேன்.

1882-ல் தெஹ்ரானில் பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தவர். தாயார் அரச வம்சம். சுவிட்சர்லாந்து போய்ச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1925-ல் ரேசா கான் என்ற படைத்தலைவர் முடிசூட்டிக்கொள்ளப் பார்த்தபோது, நாடாளுமன்றத்தில் எழுந்து எதிர்த்த சில பேரில் இவரும் ஒருத்தர். பின்னாளில் சிறையும் பார்த்தார். உடம்பு எப்போதும் சரியில்லை. பேசும்போதே அழுதுவிடுவார், சில நேரம் மயங்கியும் விழுவார். பிரதமரான பிறகும் பைஜாமாவோடு கட்டிலில் படுத்தபடியே வெளிநாட்டுத் தூதர்களைப் பார்ப்பார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் இதை வச்சே அவரைக் கோமாளியாக்கின. படத்தைப் பார்த்து நானும் முதலில் சிரிச்சவன்தான்.

சண்டை எண்ணெயால் வந்தது. ஈரானின் எண்ணெயை எடுத்து விற்றது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. அதில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அரசாங்கத்துடையது. ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட, அந்தக் கம்பெனி லண்டனுக்குக் கட்டிய வரி அதிகம். கணக்குப் புத்தகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். நம்ம ஈயமும் ரப்பரும் போன கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டவர்களுக்கு இது புதுசு இல்லை. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்த மாதமே மொசாடெக் பிரதமர்.

பிரிட்டன் சும்மா இருக்குமா? ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. வழக்கும் போட்டது. 1952-ல் ஹேக் உலக நீதிமன்றத்துக்கு மொசாடெக் நேரிலேயே போனார். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படித் தீர்ப்பளித்தவர்களில் பிரிட்டிஷ் நீதிபதியும் ஒருவர்! சட்டப்படி ஜெயிச்சாச்சு. ஆனா ஆட்டம் அங்கே நடக்கலை.

அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆட்சிக் கவிழ்ப்புக்கு இணங்கவில்லை. 1953-ல் ஐசன்ஹோவர் வந்ததும், ஈரான் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தை பிரிட்டன் நன்றாக ஊதிவிட்டது. சி.ஐ.ஏ. அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானுக்கு வந்தார். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன் இவர். ஆயுதம் காசுதான். எம்.பி.க்களுக்குக் காசு, பத்திரிகைக்காரர்களுக்குக் காசு, தெருச் சண்டியர்களுக்கும் காசு. பிரதமரைக் கேவலப்படுத்தும் கட்டுரைகளும் கேலிச்சித்திரங்களும் வாஷிங்டனில் தயாராகி தெஹ்ரான் பத்திரிகைகளில் வந்தன. கம்யூனிஸ்டுகள் போல நடித்து மதத் தலைவர்களை மிரட்டினார்கள்.

மொசாடெக்கும் தப்பு செய்தார், மறைக்கக்கூடாது. நாடாளுமன்றத்தைக் கலைக்க அவர் நடத்திய வாக்கெடுப்பில், ஆம் என்பவர்களுக்கு ஒரு சாவடி, இல்லை என்பவர்களுக்கு வேறு சாவடி. யார் எதிர்த்தார்னு ஊருக்கே தெரிஞ்சுடும். சட்டம் படிச்சவர் செய்யும் காரியமா இது?

ஆகஸ்ட் 15 இரவு, ஷா கையெழுத்திட்ட பதவிநீக்க உத்தரவோடு ஒரு ராணுவ அதிகாரி வந்தார். விஷயம் முன்பே கசிந்திருந்ததால் அவரே கைதானார். ஷா பாக்தாத்துக்கும் அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். தோத்துப்போச்சுன்னு வாஷிங்டனே முடிவுகட்டியது. ரூஸ்வெல்ட் விடலை. கூலிக் கும்பலைக் கம்யூனிஸ்டுகள் மாதிரி தெருவில் இறக்கி நாசம் செய்ய வைத்தார்கள். 18-ஆம் தேதி அமெரிக்கத் தூதர் மொசாடெக்கிடம் வந்து, தெருவில் அமெரிக்கர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று முறையிட்டார். வந்த விருந்தாளிக்குத் தீங்கு வரக்கூடாதுன்னு நினைத்தாரோ என்னவோ, தெருவைக் காலி செய்யச் சொல்லி போலீசுக்கு உத்தரவிட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துடும். அவருக்காக நின்றவர்களும் தெருவை விட்டுப் போனார்கள். மறுநாள் அதே தெருவில் காசு வாங்கிய கூட்டம் வந்தது. கூடவே டாங்கிகள். பிரதமரின் வீட்டைக் குண்டு துளைத்தது. சுவரேறித் தப்பியவர் அடுத்த நாள் சரணடைந்தார்.

ராணுவ நீதிமன்றம் அவருக்கு 3 வருடச் சிறை கொடுத்தது. 1954-ல் ஈரான் எண்ணெயை விற்க அமைந்த புதுக் கூட்டில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 விழுக்காடு. சி.ஐ.ஏ. தன் கையை ஆவணங்களில் ஒப்புக்கொண்டு வெளியிட 2013 ஆகிவிட்டது.

மொசாடெக் சிறையிலிருந்து வந்தபின் அகமதாபாத் கிராமத்து வீட்டிலேயே காவலில் இருந்தார். 1967-ல் இறந்தார். 1952-ல் தனக்காகத் தெருவில் இறங்கிச் செத்தவர்களின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஷா அனுமதிக்கலை. அந்த வீட்டிலேயே, சாப்பாட்டு அறைத் தரையைத் தோண்டிப் புதைத்தார்கள்.